கச்சான் காலத்துப் பயிலுனர்கள்

1999ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டெபியன்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். இனிப் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று முடிவு. 1993இல் இயன் மேர்டொக் தொடங்கிய அந்த லினக்ஸ் தொகுப்பு ஆறு வருடத்தில் அவர்களே எதிர்பாராத அளவுக்குப் பெருத்துவிட்டது. வருகிறவர் யார், வேலை தெரிந்தவரா, நாளைக்கு ஒரு கெட்ட நிரலை உள்ளே வைத்துவிட்டுப் போய்விடுவாரா என்று பார்க்க ஆளில்லை. 2000இல் கதவு மறுபடி திறந்தபோது உள்ளே போவதற்கு ஒரு ஒழுங்கு வந்திருந்தது. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். விண்ணப்பித்தவருக்கென்று ஒருவர் நியமிக்கப்படுவார். அவர் டெபியனின் கொள்கை பற்றிக் கேள்வி கேட்பார், வேலை கொடுத்துச் செய்விப்பார், திருத்துவார். இதற்கெல்லாம் முதல் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். டெபியன் உறுப்பினர் ஒருவரை நேரில் கண்டு, அடையாள அட்டையைக் காட்டி, உங்கள் மின்சாவியில் அவருடைய கையொப்பத்தை வாங்க வேண்டும்.

இதைப் பிற்காலத்தில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வருடங்களில் மட்டக்களப்பில் அடையாள அட்டை காட்டாமல் ஒரு நாளைக் கழித்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார். எழுவான்கரை அரசாங்கத்தின் கையில், படுவான்கரை புலிகளின் கையில். வாவியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்வருவதற்குள் அட்டையின் பிளாஸ்டிக் உறை தேய்ந்துவிடும். நாங்கள் யார் என்பதைச் சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்கெல்லாம் நிரூபித்தோம். மின்சாவியில் கையொப்பம் போடும் ஒருவருக்கு நிரூபிக்க வேண்டுமென்றால் கொழும்புக்கு பஸ் ஏறி, அங்கேயும் ஆள் கிடைக்காமல், சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போயிருக்க வேண்டும்.

டெபியனை நான் குறைசொல்ல வரவில்லை. அதற்கு முந்திய முறை இதைவிடக் கடுமையானது. 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வல்ட்ஸ் தன் பொழுதுபோக்கு இயங்குதளத்தைப் பற்றி அறிவித்தபோது, உதவ வந்தவர்களுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நிரலைத் திறந்து பார், திருத்து, திருத்தியதை பேட்ச் ஆக அனுப்பு. சரியென்றால் சேரும். பிழையென்றால் பதிலே வராது, அல்லது வாங்கிக் கட்டிக்கொள்ளும்படி ஒரு பதில் வரும். கேள்வி கேட்டவனுக்குக் கிடைத்த பொதுவான விடை, போய்க் கையேட்டைப் படி என்பதுதான். இப்படித் தேறியவர்கள் உறுதியானவர்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் யாரென்று பாருங்கள்: பின்லாந்து, ஜேர்மனி, அமெரிக்கா, பல்கலைக்கழக இணைய இணைப்பு, இரவு முழுக்கக் கரண்ட். டெபியன் செய்த நல்ல காரியம், புதியவனுக்குப் பொறுப்பாக ஒரு மனிதரின் பெயரை எழுதிவைத்தது. பின்னால் வந்த எல்லாத் திட்டங்களும் அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கின்றன.

காசு 2005இல் வந்தது. கூகுள் நிறுவனம் 'சம்மர் ஒஃப் கோட்' என்ற பெயரில் ஒரு திட்டத்தை அறிவித்தது. கோடை விடுமுறையில் கடையிலோ உணவகத்திலோ வேலைக்குப் போகும் மாணவர் வீட்டிலிருந்தபடி ஒரு திறமூலத் திட்டத்துக்கு நிரல் எழுதட்டும். நாங்கள் சம்பளம் தருகிறோம். கிறிஸ் டிபோனா அதை நடத்தினார். 200 இடங்களுக்கு 8,740க்கு மேற்பட்ட முன்மொழிவுகள் வந்து குவிய, இடங்களை இரட்டிப்பாக்கினார்கள். மாணவருக்கு 4,500 டொலர், வழிகாட்டும் அமைப்புக்கு ஒரு மாணவருக்கு 500 டொலர். அன்றைய நாணய மாற்றில் நாலரை லட்சம் ரூபாய் அளவில் வரும். மட்டக்களப்பில் அந்தக் காசுக்கு என்னென்ன செய்யலாம் என்று எங்கள் வீட்டில் யாராவது கணக்குப் பார்த்திருந்தால், நான் நித்திரை கொள்ள விட்டிருக்க மாட்டார்கள்.

கோடை என்பது அவர்களுடைய கோடை. எங்களுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று. வாவித் தண்ணீர் இறங்கி, கரைச்சேறு வெடித்து, மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட முடியாத காலம். பல்கலைக்கழகங்களுக்கு அது விடுமுறையும் அல்ல. இலங்கை மாணவர்கள் விரிவுரைக்கும் பரீட்சைக்கும் நடுவில்தான் அந்தக் 'கோடை'யைச் செய்தார்கள். செய்தும், மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் தொடர்ச்சியாக உலகிலேயே அதிக மாணவர்களை அந்தத் திட்டத்துக்குள் அனுப்பிய பல்கலைக்கழகமாக இருந்தது. அமெரிக்காவின் பெயர்பெற்ற கல்லூரிகளுக்கு மேலே மொறட்டுவை. இதற்கு என்ன காரணம் என்று வெளிநாட்டவர்கள் கேட்பார்கள். நமது பத்திரிகைகள் 'இலங்கையரின் மூளை' என்று எழுதின. அந்த விளக்கம் எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் மூளை பேராதனையிலும் வந்தாறுமூலையிலும் இருக்கிறது.

உண்மையான காரணம் கூகுளின் திட்டத்துக்கு இரண்டு வருடம் முந்தியது. ஐ.பி.எம். ஆய்வுப் பிரிவில் இருந்து நாடு திரும்பிய சஞ்சீவ வீரவரண, 2003இல் லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷனைத் தொடங்கக் காரணமாக இருந்தார். அதன் நோக்கம் எளிமையானது: இலங்கையில் உட்கார்ந்துகொண்டே உலகத் தரமான திறமூலத் திட்டங்களில் வேலை செய்வது. அப்பாச்சி அமைப்பின் அக்ஸிஸ் வேலைகளில் இலங்கை இளைஞர்கள் கைவைத்தார்கள். அவர்களில் பலர் அங்கே நேரடியாக நிரலைச் சேர்க்கும் உரிமை பெற்றவர்களானார்கள். ஆக, கூகுள் காசைக் கொண்டுவந்தபோது கொழும்பிலும் மொறட்டுவையிலும் அந்த வாசலுக்கு அப்பால் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். முந்திய பட்ச் ஆள் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். அவருக்கு அடுத்த பட்ச், போன வருடம் செய்து முடித்தது. அதற்கு அடுத்த பட்ச், இந்த வருடம் விண்ணப்பம் எழுதுகிறது.

நான் மொறட்டுவையில் படித்த காலத்தில் இதைக் கண்ணால் கண்டேன். மார்ச் மாதம் வந்தால் விடுதியில் இரவு பதினொரு மணிக்கு யாராவது ஒருவர் அறைக்கதவைத் தட்டுவார், கையில் அச்சடித்த முன்மொழிவு. சீனியர் அதை வாசித்து, பேனையால் பாதியை வெட்டி, "மல்லி, இதில் நீ என்ன செய்யப்போகிறாய் என்றே இல்லையே. முதலில் ஒரு சின்னப் பிழையைத் திருத்தி அனுப்பு, அவர்கள் உன் பெயரைக் கேள்விப்படட்டும், பிறகு இதை எழுது" என்பார். சிங்களமும் ஆங்கிலமும் கலந்த அந்த ஒரு வசனம்தான் மொறட்டுவையின் முதலிடத்துக்குப் பின்னால் இருந்த சூத்திரம். எந்த வலைத்தளத்திலும் எழுதியிருக்கவில்லை. அந்த விடுதியில் இருந்தவனுக்குக் கிடைத்தது, இல்லாதவனுக்குக் கிடைக்கவில்லை.

இதை எழுதும்போது இரண்டு திகதிகள் எப்போதும் பக்கத்தில் வந்து நிற்கும். 2006 ஆகஸ்டில் அப்பாச்சிக்காரர்களின் ஆசிய மாநாடு கொழும்பில் நடந்தது. அதே ஆகஸ்டில்தான் மூதூர் மக்கள் ஷெல்லுக்குத் தப்பி கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். அடுத்த வருடம் மார்ச்சில், மொறட்டுவையில் முன்மொழிவுகளை வெட்டித் திருத்திக்கொண்டிருந்த நாட்களில், படுவான்கரை முழுவதும் வாவியைக் கடந்து எங்கள் பக்கம் வந்துவிட்டது. மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முகாம்களில். நான் விடுமுறை எடுத்து வந்து சில நாட்கள் நின்றேன். அந்த முகாம்களில் என் வயதுப் பையன்கள் இருந்தார்கள், கணிதத்தில் என்னைவிட நல்ல புள்ளி எடுத்தவர்களும் இருந்தார்கள். திட்டத்தின் விதிப்படி அவர்களும் தகுதியானவர்கள்தான், பல்கலைக்கழகத்தில் பதிந்திருந்தால்.

முகாம் என்றால் சகன என்ற மென்பொருளைச் சொல்லாமல் போக முடியாது. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி அலை வந்தது. நாவலடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல், ஓட இடமில்லை. டச்பார், திருச்செந்தூர், கல்லாறு, தெற்கே மருதமுனை, காரைதீவு. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இலங்கையில் அதிக இழப்பு அங்கேதான். நாங்கள் பள்ளிக்கூடங்களில் இருந்து பெயர் எழுதினோம். கொப்பியில் கோடு போட்டு, பெயர், வயது, ஊர், யாரைக் காணவில்லை. ஒரே ஆள் மூன்று முகாமில் பதிந்திருப்பார். ஒரே பிள்ளை காணாமற்போனோர் பட்டியலிலும் இருக்கும், இன்னொரு பள்ளிக்கூடத்தின் பால்மா பட்டியலிலும் இருக்கும். தமிழில் ஒருவர் எழுதிய பெயரை இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுத, அதைப் பார்த்து மூன்றாமவர் சிங்களத்தில் எழுத, ஒரு யோகேஸ்வரி மூன்று பேர் ஆகிவிடுவார்.

அதே நாட்களில் கொழும்பில் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்தவர்கள் அலுவலகத்துக்குப் போகாமல் ஒன்றுகூடி, இதே கொப்பிக் குழப்பத்துக்கு ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கியிருந்தார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, எந்த உதவி நிறுவனம் எங்கே என்ன செய்கிறது என்ற பதிவு, எங்கே என்ன தேவை என்ற பதிவு. சகன என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். சமிந்திர டி சில்வா அதை முன்னின்று நடத்தினார். சில வாரங்களில் அவசரம் தணிந்தது, தொண்டர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அவசரத்தில் எழுதிய நிரலை அப்படியே வைத்திருக்க முடியாது; லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் சுவீடன் அரசின் உதவியோடு அதைத் திரும்ப எழுதுவித்தது. 2005 காஷ்மீர் நிலநடுக்கம், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே வருடம் யோக்யகார்த்தா நிலநடுக்கம், 2010 ஹெயிட்டி என்று அது பயணம் போனது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சகனவுக்குக் கொடுத்தது. அதற்கு முந்திய வருடம் அதே விருதைப் பெற்றது விக்கிப்பீடியா.

பயிலுனர்களின் வரலாற்றில் சகனவுக்கு ஒரு தனி இடம் உண்டென்று நினைக்கிறேன். தொண்டர்கள் போன பிறகு அந்த நிரலை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடைகளில் ஒன்று, வழிகாட்டி அமைப்பாகக் கூகுளின் திட்டத்தில் இடம்பிடிப்பது. வருடாவருடம் புதியவர்கள் வந்தார்கள். பிறகு பள்ளி மாணவர்களுக்கென்று கூகுள் 2010 முதல் 2019 வரை நடத்திய கோட்-இன் போட்டியிலும் சகன சேர்ந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று ஐரோப்பாவிலோ இந்தியாவிலோ இருந்துகொண்டு ஒரு முகாம் பதிவுப் படிவத்தின் பொத்தானைச் சரிசெய்யும். முகாம் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஆனால் தெரிந்தவர்கள் இங்கே இருந்தோம். ஒரு மென்பொருளில் பெயருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி போட்டால், தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைக்கும் தமிழரின் பெயர் என்ன பாடுபடும் என்று சொல்ல நிரல் தெரிய வேண்டியதில்லை, பள்ளிக்கூட வாங்கில் இருந்து பெயர் எழுதியிருந்தால் போதும். மருதமுனையில் ஒரே பெயரில் இருபது பேர் இருப்பார்கள் என்பதும் அப்படித்தான். என் முதல் திறமூலப் பங்களிப்பு ஒரு வரி நிரல்கூட இல்லை; வேறொரு திட்டத்துக்கு நான் அனுப்பிய, பெயர்ப் பெட்டிகளைப் பற்றிய ஒரு நீண்ட முறைப்பாடு. அதை வாசித்துப் பதில் எழுதியவர், அப்படியானால் எப்படி இருக்க வேண்டும் என்று நீயே படிவத்தை வரைந்து அனுப்பு என்றார். அவர் எந்தத் திட்டத்தின் பட்டியலிலும் வழிகாட்டி என்று பெயர் பதிந்தவர் அல்ல.

இந்த இடத்தில் கூத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பான் எதைப் பேசினாலும் கடைசியில் கூத்துக்கு வந்துவிடுவான் என்று யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

வடமோடியோ தென்மோடியோ, ஒரு ஊர் கூத்துப் போட நினைத்தால் பெரியவர்கள் கூடிக் கூத்தைத் தெரிவார்கள், கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். ஆட விரும்புகிற இளந்தாரிகள் வருவார்கள். அண்ணாவியார் குரலைப் பார்ப்பார், உயரத்தைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார். பிறகு ஒரு நல்ல நாளில் சட்டங்கொடுத்தல்: யாருக்கு எந்த வேடம் என்று சொல்லி, அந்த வேடத்தின் பாட்டுகள் எழுதிய கொப்பியை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். மாதக்கணக்காக இரவுகளில் பழக்கம். கால் தாளத்துக்கு வந்த பிறகு சதங்கை அணிவிப்பார்கள். முழுக் கூத்தையும் ஓட்டிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். அதற்குப் பிறகுதான் வட்டக்களரியில் அரங்கேற்றம். அரங்கேற்றம் முடிந்தால் வீடுவீடாகப் போய் ஆடுவதும் உண்டு. என் மாமா ஒருவர் மத்தளக்காரர். பழக வந்த பையன்கள் குனிந்து தங்கள் காலையே பார்த்துக்கொண்டு ஆடினால் அவருக்குப் பிடிக்காது. "மனே, காலப் பாக்காத, மத்தளத்தக் கேள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

கூகுளின் நாட்காட்டியையும் இதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒற்றுமை அதிகம். சேர்ந்து பழகும் மாதம், வேலை மாதங்கள், இடையில் ஒரு மதிப்பீடு, கடைசியில் எல்லோர் முன்னும் நிரலை ஒப்படைத்தல். காசு மட்டும் தலைகீழ். கூத்தில் ஊர் அண்ணாவியாருக்குக் கொடுக்கும். பழகுகிறவனுக்கு ஒன்றும் கிடையாது, அவன்தான் உடுப்புச் செலவு பார்க்க வேண்டும். கூகுளின் திட்டத்தில் பழகுகிறவனுக்குக் காசு, பழக்குகிறவர் இரவில் நித்திரை முழித்துச் சும்மா செய்கிறார். எது நல்லது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சும்மா செய்கிறவர் நடுவழியில் காணாமற்போனால் கேட்பதற்கு யாருமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு அப்படி நடந்தது. வழிகாட்டி ஆறாவது வாரத்தோடு பதில் எழுதுவதை நிறுத்திவிட்டார், அவருக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. வெற்றிலை வாங்கிய அண்ணாவியார் அப்படிப் போனால் ஊர் விட்டிருக்காது.

கூத்துக்கும் ஒரு 'கோடைத் திட்டம்' நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன், 1968இல் வாலிவதை. வந்தாறுமூலையில் இருந்து செல்லையா அண்ணாவியார் பேராதனைக்குப் போய், கூத்தைக் கண்ணால் காணாத மாணவர்களுக்கும் ஆட்டம் பழக்கினார். விடிய விடிய ஆடும் கூத்து மேடைக்கேற்பச் சுருங்கியது. அதைக் குறைசொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் அதை வேறு கணக்கில் பார்க்கிறேன். அந்த மாணவர்களில் பலர் பட்டத்தோடு போய்விட்டார்கள். சிலர் போகவில்லை. அந்தக் கூத்துகளில் ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆய்வுப் பொருளாக எடுத்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அடுத்த தலைமுறை மாணவர்களை வைத்து இராவணேசனை மறுபடி மேடையேற்றினார். ஒரு பல்கலைக்கழகத் தயாரிப்பு நாற்பது வருடத்துக்குப் பிறகும் ஆடப்பட்டதற்கு அந்த ஒரு மாணவர் திரும்பி வந்து பழக்கியது காரணம். மொறட்டுவை விடுதிச் சீனியரின் பேனை செய்ததும் இதே வேலைதான்.

யார் உள்ளே வரவில்லை என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் குநோம் என்ற திறமூலத் திட்டத்துக்காரர்கள். 2006இல் கூகுளின் திட்டத்துக்காக அவர்களுக்கு வந்த விண்ணப்பங்கள் 181. அதில் ஒரு பெண்கூட இல்லை. மற்றவர்கள் என்றால் 'விண்ணப்பிக்கவில்லையே, நாங்கள் என்ன செய்வது' என்று விட்டிருப்பார்கள். ஹன்னா வொலக், கிறிஸ் போல் இருவரும் பெண்களுக்கு மட்டும் ஒரு கோடைத் திட்டத்தை அந்த வருடமே அறிவித்தார்கள். விண்ணப்பங்கள் வந்து குவிந்தன, ஆறு பேரை எடுத்தார்கள். ஆட்கள் இல்லாமல் இல்லை, அழைப்புத்தான் போய்ச் சேரவில்லை. 2010இல் மரினா சுராகின்ஸ்கயா அதை மறுபடி தொடங்கி ஒழுங்குபடுத்தினார். இன்று அது அவுட்ரீச்சி என்ற பெயரில், பல திட்டங்களுக்குப் பொதுவாக, வருடம் இரண்டு முறை நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விதி, விண்ணப்பக் காலத்திலேயே ஒரு சிறிய பங்களிப்பைச் செய்து காட்ட வேண்டும் என்பது. விடுதிச் சீனியர் காதோடு சொன்ன இரகசியத்தை அவர்கள் விதியாக எழுதி எல்லோருக்கும் தெரியவைத்துவிட்டார்கள்.

வீட்டிலிருந்தே செய்யலாம் என்பது எங்கள் பக்கப் பெண்பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். முழுதாகச் சுகமான விஷயம் என்று நினைக்க வேண்டாம். வழிகாட்டி ஜேர்மனியில் இருந்தால் அவருடைய பின்னேரம் எங்களுக்கு இரவு ஒன்பது மணி. மடிக்கணினி வீட்டில் ஒன்று, அதில் தம்பிக்கு ஏ.எல். பாடம். குசினிக்குள் இருந்து அம்மம்மாவின் குரல் கேட்கும்: "இந்த நேரத்தில ஆரோட கா கதைக்கிறாள்?" ஆங்கிலத்தில் கதைப்பதால் சந்தேகம் இன்னும் கூடும். நான் கேள்விப்பட்ட ஒரு பிள்ளை, முதல் கூட்டத்துக்கு அம்மாவையும் பக்கத்தில் கதிரை போட்டு இருத்திவிட்டாள். மறுபக்கம் இருந்த வழிகாட்டியும் ஒரு பெண். இரண்டு பேரும் மொழி தெரியாமலேயே கையசைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை.

தமிழில் இந்த வழிகாட்டுதலுக்குக் காசும் பெயரும் இருந்ததில்லை, ஆனால் வழிகாட்டுதல் இருந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பிய இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். அந்த விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வந்து பிழைபிழையாக எழுதியவர்களின் பக்கங்களில் மூத்தவர்கள் போய்ப் பொறுமையாக எழுதிவைத்த குறிப்புகளைத் தொகுத்தால் ஒரு பயிற்சி நூல் வரும். 2005 தைப்பொங்கலோடு, அலை வந்து ஒரு மாதம் ஆகாத நேரத்தில், தி. கோபிநாத்தும் மு. மயூரனும் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்தும் வருடியும் இணையத்தில் ஏற்றிய வேலையில் பழகிய பிள்ளைகள் இன்று பல இடங்களில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2012இல் கணியம் இதழ் வந்தது, திறமூலத்தைப் பற்றித் தமிழிலேயே. விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறது. சென்னையையோ பெங்களூரையோ பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மட்டக்களப்பு படிக்க வேண்டிய பாடம் மொறட்டுவையைவிட விழுப்புரத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அளவும் ஒன்று, வெயிலும் ஏறக்குறைய ஒன்று.

பரிசு கொடுத்து ஆள் சேர்ப்பதன் மறுபக்கத்தை 2020 அக்டோபரில் உலகம் கண்டது. ஹக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒரு மாத விழா, சில பங்களிப்புகள் அனுப்பினால் ஒரு ரீ-சேட். ஒரு சொல்லை மாற்றி, ஒரு வால்துண்டு ஒட்டி, ஆயிரக்கணக்கில் வெற்றுப் பங்களிப்புகள் வந்து குவிந்தன. நிரலைப் பராமரிப்பவர்கள் கத்தினார்கள். விழா தொடங்கிய சில நாட்களிலேயே, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்றினார்கள். அதிகம் வந்தது இந்தியாவிலிருந்து என்று எங்கள் பக்கத்து நாட்டைக் கேலி செய்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் எதைத் திருத்துவது என்று சொல்ல ஒரு ஆளும் இருக்கவில்லை, ரீ-சேட் மட்டும் இருந்தது என்பதை அந்தக் கேலி செய்தவர்கள் கவனிக்கவில்லை.

2022இல் கூகுள் தன் விதியைத் தளர்த்தியது. பல்கலைக்கழக மாணவராக இருக்க வேண்டியதில்லை. பதினெட்டு வயது நிறைந்த, திறமூலத்துக்குப் புதியவர் யாரும் விண்ணப்பிக்கலாம். ஏ.எல். சித்தியடைந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத நாட்டில் இதன் அர்த்தம் பெரிது. விண்ணப்பக் காலம் ஏப்ரல். அந்த ஏப்ரலை இலங்கையில் யாரும் மறக்க மாட்டார்கள். மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் முந்நூற்றறுபதுக்கு வந்தது. டொலரில் சம்பளம் என்ற சொல்லுக்கு அதற்கு முன் இல்லாத ஒரு மரியாதை.

என்னிடம் சனிக்கிழமைகளில் சில பேர் வருவார்கள். வகுப்பு என்று சொல்ல முடியாது, கரும்பலகை கிடையாது. அவர்களில் ஒருவன் கொக்கட்டிச்சோலைப் பக்கம். தொலைபேசி திருத்தும் கடையில் வேலை. முன்பு இயந்திரப் படகுக்குக் காத்துநிற்க வேண்டிய இடத்தில் 2014 முதல் மண்முனைப் பாலம் இருப்பதால் சைக்கிளில் வந்துவிடுவான். அந்த மின்வெட்டு மாதத்தில் கடையின் பற்றரிகளை வைத்து மடிக்கணினிக்கு மின்சாரம் எடுத்துக்கொண்டு ஒரு திட்டத்துக்குப் பிழைதிருத்தம் அனுப்பினான்: வரி முறியும் இடத்தில் எழுத்து ஒரு வரியிலும் ஒற்றைக்கொம்பு அடுத்த வரியிலுமாகத் தமிழ் பிரிந்துபோகும் பிழை. சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருடத் தெரிவில் அவன் பெயர் வரவில்லை. அவன் அனுப்பிய திருத்தம் அந்த மென்பொருளில் இருக்கிறது.

அதற்குப் பிறகும் அவன் வருவதை நிறுத்தவில்லை. இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் பிழையைத் தேடிக் கொடுப்பது அவன் வேலை. அண்மையில் கூகுளின் விதிகளை முழுதாக வாசித்துவிட்டு வந்து கேட்டான்.

"அண்ணன், வழிகாட்டுறவருக்கு எவ்வளவு?"

"ஒண்டும் இல்ல. முந்தி ஒரு ரீ-சேட் அனுப்புவாங்க."

கொஞ்சம் யோசித்தான். "சைஸ் கேப்பாங்களா?"

"கேட்டுத்தான் அனுப்புவாங்க" என்றேன்.